ஈர விறகும் ஒரு குவேசாரும்

முதலில் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு என் எழுத்து நின்றுவிட்டது. அதற்குப் பிறகு பதினைந்து வருடம் விறகு பிடித்த கை இது. ல, ள, ழ மூன்றும் என் காதில் ஒன்றுபோலத்தான் விழும். எங்கே எதை மாற்றிப் போட்டிருந்தாலும் சரியானதை நீங்களே போட்டு வாசித்துக்கொள்ளுங்கள்.

என் பிரியாவிடை நாளில் புதிதாகச் சேர்ந்த நீங்கள் மூன்று பேரும் அண்ணன் பேச வேண்டும் என்று கை தட்டினீர்கள். நான் எழுந்தேன், கோப்பையில் இருந்த தேநீரைக் குடித்து முடித்தேன், உட்கார்ந்தேன். எத்தனையோ நாள் யோசித்து வைத்திருந்த பேச்சு அது. நாலு பேர் முகத்தைப் பார்த்ததும் தேநீரோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது. அதைத்தான் இப்போது எழுதுகிறேன். எழுத உட்கார்ந்ததும் சிரிப்பு வருகிறது. எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று வீட்டில் இரண்டு தடவை கேட்டாகிவிட்டது.

எல்கடுவைக்கு மேலே, தேயிலை முடிந்து புல் தொடங்கும் இடத்தில், தொண்ணூறுகளில் நம் நிலையம் என்பது வட்டக் கூரை போட்ட ஒரே ஒரு அறை. அதற்குள் ஒரு தொலைகாட்டி. அதன் அடியில் ஒளியை அளக்கும் பெட்டி, அதில் ஒரு முள். நான் அங்கே காவல்காரனாகத்தான் போனேன். அதற்கு முன்பு கீழே உள்ள தேயிலை பெக்டரியில் தூள் காயவைக்கும் அடுப்புக்கு விறகு போட்டவன். புகை நெஞ்சுக்கு ஆகாது என்று தோட்டத்து மருந்தையா சொன்னதால் மேலே வந்தேன்.

நிலையத்துக்குப் பொறுப்பு ஒரு மிஸ். கம்பஸில் படிப்பிப்பவர், யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். சித்திரை மாதத்திலும் இரண்டு சுவெட்டர் போட்டிருப்பார். அவருக்குக் கொடுத்த பட்டதாரி உதவியாளர் மூன்றாம் நாளே அட்டைக் கடிக்குப் பயந்து போய்விட்டார். அப்போது வாசலில் நின்றவன் நான் ஒருவன்தான். மிஸ் என்னைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார், திரும்பவும் என்னைப் பார்த்தார். "அண்ணை, இலக்கம் வாசிப்பீங்கள்தானே?" என்றார். வாசிப்பேன் என்று தலையாட்டினேன். நான் வானவியலுக்குள் வந்தது அப்படித்தான்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு குவேசார். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் எனக்கு அது எப்படிப் புரிந்தது என்று சொல்ல ஆசை. எங்கோ தூரத்தில் ஒரு பெரிய நட்சத்திரக் கூட்டம். அதன் நடுவில் ஒரு கருந்துளை. அகப்பட்டதையெல்லாம் விழுங்குகிறது. விழுங்க முடியாததை ஒரு தாரையாகத் துப்புகிறது. அந்தத் தாரை கிட்டத்தட்ட நம்மைப் பார்த்தபடி இருக்கிறது. மாதக்கணக்கில் சும்மா இருக்கும். பிறகு ஒருநாள், யாரும் ஒன்றும் சொல்லாமலே, சட்டென்று பற்றிக்கொள்ளும். உங்கட பெக்டரியில ஆருக்கு இப்பிடிக் கோவம் வரும் என்று மிஸ் ஒருநாள் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை, டீமேக்கர் ஐயாவுக்கு என்றேன். தூளின் பக்குவத்துக்கும் பெக்டரி ஆட்களுக்கும் பொறுப்பு அவர்தான். அன்றிலிருந்து எங்கள் இரண்டு பேரின் வாயில் அந்தக் குவேசாருக்கு டீமேக்கர் என்றுதான் பெயர். புத்தகத்தில் மட்டும் இலக்கம் எழுதுவோம்.

அது பற்றிக்கொள்ளும்போது கண்ணுக்குத் தெரியும் ஒளி மட்டுமா கூடுகிறது, எக்ஸ்ரேயும் சேர்ந்து கூடுகிறதா, ரேடியோ அலை எவ்வளவு காலம் கழித்துக் கூடுகிறது, இவை எல்லாம் தாரைக்குள் நடக்கும் ஒரே காரியத்தின் வேலைதானா என்பதுதான் மிஸ்ஸின் எட்டு வருடத்துக் கேள்வி. அதற்காகப் பல நாட்டு நிலையங்கள் ஒரு வளையம் போலச் சேர்ந்திருந்தன. ஓரிடத்தில் விடிந்தால் அடுத்த இடத்தில் பார்ப்பார்கள். அந்த வளையத்தில் மிகச் சிறிய கண்ணி நாங்கள்.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

குவேசாரை அளக்கும்போது பக்கத்தில் மாறாமல் இருக்கும் ஒரு நட்சத்திரத்தையும் அளப்போம். அதைச் சாட்சி என்று கூப்பிடுவோம். சாட்சி, குவேசார், மறுபடியும் சாட்சி. இதுதான் ஒழுங்கு. ஒரு விடியற்காலை நான் இரண்டாவது சாட்சியை விட்டுவிட்டேன். குளிர். குவேசார் சாட்சியைவிட ஒரேயடியாக ஏறியிருந்த சந்தோஷம் வேறு. மிஸ் அதைக் கொழும்பில் இருந்த பேராசிரியருக்குச் சொன்னார், அவர் வெளிநாட்டுக்குச் சொன்னார். எங்கோ ஒரு பெரிய தொலைகாட்டி தன் வேலையை விட்டுவிட்டு எங்கள் டீமேக்கர் பக்கம் திரும்பிப் பார்த்தது. அவர் பூனைபோலத் தூங்கிக்கொண்டிருந்தார்.

கடிதம் வந்தது. இன்னொரு தரம் இப்படிப் பொய்ச் செய்தி வந்தால் உங்கள் நிலையத்தின் அளவுகளை இனிச் சேர்க்கமாட்டோம் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். மிஸ் அதை வாசித்துவிட்டு மடித்து வைத்தார். யார் கை அளந்தது என்று அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை.

நடந்தது என்ன என்று எனக்கு அடுத்த நாளே பிடிபட்டுவிட்டது. நம் கிழக்குப் பக்கம் கீழே பெக்டரிப் புகைக்கூண்டு இருக்கிறது. விடியற்காலையில் தூள் காயவைக்கும் நேரத்தில் ஈர விறகு போட்டால் வெள்ளைப் புகை எழும்பி, குளிரில் மேலே போகமாட்டாமல் பள்ளத்தை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். சாட்சி நட்சத்திரம் குவேசாருக்குக் கொஞ்சம் கீழே நிற்பது. புகை முதலில் சாட்சியை மூடியிருக்கிறது. சாட்சி மங்கியதும் குவேசார் பிரகாசமாகிவிட்டதுபோல நான் கணக்குப் போட்டிருக்கிறேன். பதினைந்து வருடம் அந்தப் புகையை உண்டாக்கியவனே அந்தப் புகையில் ஏமாந்தேன்.

வெட்கத்தில் வாய் வரவில்லை. ஒருவழியாகச் சொன்னபோது மிஸ் முள்ளைப் பார்த்தபடியே, "உதைச் சொல்ல எத்தினை நாள் எடுத்தனீங்கள்?" என்று கேட்டார்.

"பதினொரு நாளுங்க மிஸ்."

"எனக்கு ரெண்டாம் நாளே தெரியும். நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டு பார்த்துக்கொண்டிருந்தனான்."

பிள்ளைகளே, பிழை செய்தால் அன்றே சொல்லிவிடுங்கள். மிச்சப் பத்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவருக்கோ எல்லாம் தெரிந்திருந்தது. அவ்வளவு பட்டினியும் வீண்.

அதற்கு அடுத்த வருடம் மாசி மாதம் மிஸ்ஸின் அம்மாவுக்குச் சுகமில்லை என்று செய்தி வந்து வவுனியாவுக்குப் போனார். சண்டைக் காலம் அது. போவது சுலபம், திரும்பி வர ஆமியிடம் பாஸ் கிடைக்க வேண்டும். நான்கு நாளில் வருகிறேன் என்று போனவர் ஒரு கிழமை ஆகியும் வரவில்லை. அங்கே பேசுவதற்கு எனக்கு வழி கிடையாது. நிலையத்தில் நான் மட்டும்.

எட்டாம் நாள் விடியற்காலை நாலு மணி இருக்கும். சாட்சி, குவேசார், சாட்சி. குவேசார் நேற்றையதைப் போல இரண்டு மடங்கு. மறுபடி அளந்தேன், ஒன்றரை மடங்கு. மறுபடி, மூன்று. வெளியே வந்து கீழே பார்த்தேன். புகைக்கூண்டிலிருந்து வெள்ளையாக, கொழுகொழுவென்று புகை வந்து பள்ளத்தில் படுத்திருந்தது.

அப்போது என் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இது புகைதான் என்று பேசாமல் இருந்து, உண்மையாகவே குவேசார் பற்றியிருந்தால், அது தொடங்கிய நேரம் போய்விடும். தொடக்கம் இல்லாமல் மற்ற எல்லா அளவும் இருந்தும் மிஸ்ஸின் கேள்விக்குப் பதில் கிடைக்காது. பற்றிவிட்டது என்று சொல்லி அது புகையாக இருந்தால், இரண்டாவது பொய்ச் செய்தி. வளையத்திலிருந்து எங்களை வெட்டிவிடுவார்கள். எப்படிப் பார்த்தாலும் எட்டு வருட வேலை என் கையில் நிற்கிறது. என் கையோ குளிரில் விறைத்திருக்கிறது.

நாளைக்குப் பார்ப்போம் என்று ஒரு மனம் சொன்னது. நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குறுக்குப் பாதையில் கீழே ஓடினேன். டோர்ச் அடிக்கவில்லை. அந்தக் காலத்தில் அந்த நேரத்தில் மலையில் வெளிச்சம் அடித்துக்கொண்டு ஓடினால் ரோட்டில் போகும் ஆமி ஜீப் என்ன நினைக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு செருப்பு எங்கேயோ தேயிலைக்குள் நின்றுவிட்டது.

பெக்டரிக்குள் கொழுந்தை அரைக்கும் ரோதைகள் சுற்றுகிற சத்தம். டீமேக்கர் ஐயா தூளைக் கையில் வைத்து மோந்துகொண்டிருந்தார். பெரிய மீசை. அவர் ஏசினால் அடுத்த மலையில் கொழுந்து எடுப்பவர்களுக்கும் கேட்கும். பதினைந்து வருடம் அவருக்குக் கீழே வேலை செய்தும் நான் அவரிடம் பேசியது மொத்தமாகச் சேர்த்தாலும் ஒரு பக்கம் வராது.

"என்னடா, அடுப்ப விட்டு ஓடுனவன் இந்நேரத்துல?"

"ஐயா, ஒரு இருவது நிமிசத்துக்குப் பொக வேணாங்க."

அவர் சுற்றி நின்ற ஆட்களைப் பார்த்தார். "கேட்டீங்களாடா? தொர வந்துருக்காரு. பொக வேணாமாம். நட்சத்திரத்துக்குக் கண்ணு எரியுதாம்." ஆட்கள் சிரித்தார்கள். அடுப்பைத் தணித்தால் உள்ளே இருக்கும் தூள் புழுங்கிப் போகும், அதற்கு யார் பதில் சொல்வது என்று ஏசத் தொடங்கினார். அது நியாயமான ஏச்சு. சூடு இறங்கினால் தூள் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும்.

என் ஆயுளில் நான் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

"சூடு எறங்க வேணாங்க ஐயா. காஞ்ச வெறகா மட்டும் போட்டாப் போதும். ஐயாவுக்குத் தெரியாதது இல்ல. புது வெறகு போட்டா மொதல்ல அடுப்பு வாயில வெளிச்சம் வருது. பொறகு கொழாய் சூடாகுது. அதுக்கும் பொறகுதான் மேல தூளோட மணம் மாறுது. வெறகு போட்ட நேரத்த ஒருத்தன் குறிச்சு வைக்கலன்னா, எந்த மணம் எந்த வெறகால வந்துச்சுன்னு எப்புடிங்க சொல்றது? அங்கயும் இப்ப யாரோ வெறகு போட்ட மாதிரி இருக்குங்க. அந்த நேரத்தத்தான் குறிக்கணும்."

ஐயா கையில் இருந்த தூளை மறுபடி மோந்து பார்த்தார். போன மாதம்தான் தூளில் புகை மணம் அடிக்கிறது என்று கொழும்பிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. எந்த நாள், எந்த விறகு என்று கண்டுபிடிக்க முடியாமல் பெக்டரி முழுவதையும் ஏசி ஓய்ந்திருந்தார். நான் அதை நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது அவருக்குச் சரியான இடத்தில் பட்டுவிட்டது.

"அங்க மணம் வர எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"ரெண்டு மூணு மாசம் ஆகும்னு மிஸ் சொல்வாங்க."

"ரெண்டு மாசமா. அது பெரிய அடுப்புதான்." கொஞ்சம் யோசித்தார். "அதுக்குப் பேரு என்னடா?"

"நம்பர்தாங்க."

"கூப்புட்ற பேரு."

எனக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் வாழ்க்கையே வேறு மாதிரிப் போயிருக்கும். "டீமேக்கர்னுங்க," என்றேன்.

"ஏன்?"

"சொல்லாமக் கொள்ளாமப் பத்திக்குங்க."

பின்னால் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஐயா என்னை மேலும் கீழும் பார்த்தார், ஒற்றைச் செருப்புக் காலையும் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு அடுப்புப் பக்கம் நடந்தார்.

"காஞ்ச ரப்பர் வெறக எடுங்கடா. டேய், இருவது நிமிசம். இருவத்தோராவது நிமிசம் ஈர வெறகு உள்ள போகும். ஓடு."

ஓடினேன். கீழே வந்ததைவிட வேகமாக மேலே ஏறினேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். காலில் ஏறிய அட்டைகளைப் பிடுங்கக்கூட நிற்கவில்லை. அறை வாசலில் திரும்பிப் பார்த்தபோது புகை சாம்பல் நிறமாகி, நூலாகி, இல்லாமலே போய்விட்டது. கூண்டுக்கு மேலே இருந்த நட்சத்திரங்கள் மட்டும் சூட்டில் லேசாக ஆடின. இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்தேன். பள்ளத்தில் படுத்திருந்ததும் கலைந்து போனது.

சாட்சி. முள் ஆணி அடித்ததுபோல நின்றது. குவேசார். முள் எழும்பியது. சாட்சி. அதே இடம். குவேசார். இரண்டரை மடங்கு. மறுபடி. இரண்டரை மடங்கு. மறுபடி. இரண்டரைக்கும் மேலே.

அந்த அறைக்குள் எனக்கு என்ன நடந்தது என்று சரியாக நினைவில்லை. சிரித்தேன். அழுதேன் என்றும் நினைக்கிறேன். இரண்டு சுற்று ஆடினேன். மூன்றாவது சுற்றில் தொலைகாட்டியின் குழாயில் தலை இடித்து, திரும்ப நட்சத்திரத்தைப் பிடிக்க ஐந்து நிமிடம் போயிற்று. ஆகவே ஆடுவதென்றால் வெளியே போய் ஆடுங்கள். இதை எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கமாட்டார்கள். நேரத்தை மறந்து அளந்துகொண்டே இருந்தேன். கிழக்கு வெளுக்கத் தொடங்கிய பிறகுதான் நிறுத்தினேன்.

டெலிபோன் தோட்டத்து ஆபிசில் மட்டும்தான். ஆறு மணிக்குப் பிரட்டு. கூடையோடு பெண்கள் எல்லோரும் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கும் நேரம். எனக்கு முன்பே செய்தி வந்து சேர்ந்திருந்தது. டீமேக்கர் பத்திக்கிட்டாராம் என்று ஒருத்தி சொல்ல, அது என்னைக்கும் நடக்குறதுதானே என்று இன்னொருத்தி சொன்னாள். கிளாக்கர் ஐயா, டெலிபோன் தோட்ட வேலைக்கு மட்டும்தான் என்று தொடங்கினார். பெண்கள் அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள். டெலிபோனை என் பக்கம் தள்ளிவிட்டார்.

அதுவரைக்கும் நான் டெலிபோனில் பேசியதே இல்லை. பின்னால் அறுபது எழுபது பேர். காதில் மணி அடிக்கும் ஒவ்வொரு தடவையும் வைத்துவிட்டு ஓடிவிடலாமா என்றிருந்தது. பேராசிரியர் எடுத்தார். சிங்களவர், நல்ல மனிதர், அப்போதுதான் எழும்பியிருந்தார். சிங்களத்தில் விசயத்தைச் சொன்னேன். மிஸ் எங்கே என்றார். வவுனியாவில் என்றேன். அளந்தது யார் என்றார். நான் என்றேன். போன தடவையும் நீதானே என்று அவர் கேட்கவில்லை. அது புகை இல்லை என்று உனக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்டார்.

சொன்னேன். ரப்பர் விறகு, கோட்டைக் கழற்றியது, இருபது நிமிடம், எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். முதலில் ஒரு மூச்சுச் சத்தம். பிறகு அவர் சிரித்தார், நெடுநேரம் சிரித்தார். சிரித்து முடித்து, நேரத்தையும் அளவுகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். ஐரோப்பாவில் அது உதிக்க இன்னும் மூன்று மணித்தியாலம் இருக்கிறது, இப்போதே சொன்னால் பிடித்துவிடுவார்கள் என்று சொல்லி டெலிபோனை வைத்தார்.

பிடித்துவிட்டார்கள். அன்றே அங்கே இரண்டு இடத்தில் பார்த்தார்கள். எங்கள் அளவு சரி. அடுத்த நாள் வானத்தில் சுற்றும் எக்ஸ்ரேத் தொலைகாட்டியையும் திருப்பினார்கள். அதிலும் ஏறியிருந்தது. மிஸ் பாஸ் கிடைத்து வந்து சேர்ந்தபோது வாசலில் பையை வைத்துவிட்டு முதலில் கேட்டது, "இரண்டாவது சாட்சி எடுத்தனீங்களோ?" என்றுதான். புத்தகத்தைக் காட்டினேன். நின்றபடியே ஒவ்வொரு வரியாக வாசித்தார். பிறகு பையின்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

பத்துக் கிழமை கழித்து ரேடியோ அலையும் மெதுவாக ஏறத் தொடங்கியது. அதற்கும் பிறகு, பல ரேடியோத் தொலைகாட்டிகளைச் சேர்த்து எடுத்த படத்தில், தாரையின் அடியிலிருந்து புதிதாக ஒரு முடிச்சு வெளியே நகர்வது தெரிந்தது. அது கிளம்பிய நாளைப் பின்னோக்கிக் கணக்குப் பார்த்தால் நாங்கள் அளந்த அந்த விடியற்காலைக்குக் கிட்ட வந்து நின்றது. ஒரே விறகு, மூன்று இடத்தில் மூன்று நேரத்தில் தெரிந்திருக்கிறது.

மிஸ் கட்டுரை எழுதி அனுப்பினார். அதைச் சோதித்துப் பார்த்த யாரோ ஒரு அந்நியர், இந்த முதல் புள்ளி உங்கள் நிலையத்து அளவு, போன வருடம் இதே நிலையம் புகையை அளந்தது, இந்தத் தடவை புகை இல்லை என்பதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டு எழுதினார். அவரைக் குறை சொல்லமாட்டேன். நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். ஆனால் அந்த முதல் புள்ளியை எடுத்துவிட்டால் கட்டுரையில் ஒன்றும் மிஞ்சாது. என் வார்த்தையைத் தவிர என்னிடம் ஆதாரமும் கிடையாது.

மிஸ் அடுத்த நாள் காலையில் பெக்டரிக்கு இறங்கிப் போனார். நான் போகவில்லை, வெட்கம். திரும்பி வரும்போது அவர் கையில் பெக்டரிச் சீல் குத்திய ஒரு தாள் இருந்தது. டீமேக்கர் ஐயா ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்ட சான்றிதழ். மிஸ் அதை எனக்குத் தமிழில் சொன்னார். அதில் இப்படித்தான் இருந்தது:

"அன்று காலை 4.22 முதல் 4.42 வரை அடுப்பில் காய்ந்த ரப்பர் விறகு மட்டும் போடப்பட்டது. 4.42க்குக் காய்ந்த விறகு முடிந்துவிட்டது. மேலே நிலையத்துக்குள் போன ஆள் இன்னும் வெளியே வரவில்லை. அதன் பிறகு 5.10 வரை தேயிலைப் பெட்டிகள் ஆறு, ஏணி ஒன்று, என் நாற்காலி ஒன்று போடப்பட்டன. ஈர விறகு ஒரு துண்டுகூட உள்ளே போகவில்லை. போட்டவன் நான்."

அந்தத் தாள் கட்டுரையோடு கடல் கடந்து போயிற்று. முதல் புள்ளியை ஏற்றுக்கொண்டார்கள். புது நாற்காலி வர எட்டு மாதமாயிற்று. அதுவரைக்கும் டீமேக்கர் ஐயா நின்றுகொண்டேதான் கையெழுத்துப் போட்டார். பழையது எங்கே என்று தோட்டத்துத் தொரை கேட்டதற்கு, பத்திக்கிச்சுங்க என்று மட்டும் சொன்னாராம்.

எழுதி முடித்தது 2009 ஆவணி 16, ஞாயிற்றுக்கிழமை.